உள்மனசு ‘வாயைத் திறக்காதே’ என்கிறது. அதையும் கேட்க வேண்டுமா?

ஆகஸ்ட் 4, மாலை. கரூர் வாசகர் ஒருவரின் கேள்வி

உள்மனசு சொல்வதைக் கேள், உன்னை நீயே ஏற்றுக்கொள், மனக்காயம் தானாக ஆறிவிடும். எந்த வீடியோவைத் திறந்தாலும் இதுதான். எனக்கு வாய் திக்கும். ஸ்கூலில் பட்ட அவமானம் இன்னும் போகவில்லை. 16ஆம் தேதி இன்டர்வியூ. என் உள்மனசு சொல்வது ஒன்றே ஒன்று: ‘போகாதே, வாயைத் திறக்காதே’. இதைக் கேட்டால் என் வாழ்க்கை முடிந்தது. கேட்காவிட்டால் உள்மனசை மதிக்கவில்லை என்று ஆகிறது. இந்த அறிவுரையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4, இரவு

தம்பி, எனக்கும் திக்கும். நாற்பது தாண்டியும் திக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் வேலை, நாள் முழுக்க போனில்தான் ஆர்டர் எடுக்கிறேன். நான் மறுக்கிறேன்.

உனக்கு உள்ளேயிருந்து வருவது ஒரு செய்தி போலத் தெரிகிறது. கவனித்துப் பார், இரண்டு இருக்கும். ‘இந்த வார்த்தை இப்போது மாட்டப் போகிறது’ என்பது ஒன்று. ‘மாட்டினால் மானம் போய்விடும், அதனால் பேசாதே’ என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் பலிக்கும். 1930களிலேயே அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். திக்குகிறவர்கள் கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, எந்த வார்த்தையில் மாட்டும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். சொன்ன இடங்களில்தான் பெரும்பாலும் மாட்டியது. அந்த அளவுக்கு உன் உடம்புக்குத் தெரியும். அதை நம்பலாம்.

இரண்டாவது அப்படி இல்லை. அதை நீ சோதித்தே பார்த்திருக்க மாட்டாய்.

ஆகஸ்ட் 5, காலை

ராத்திரி அவசரத்தில் எழுதியதை விரித்துச் சொல்கிறேன். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றி டேனியல் கானமன், கேரி கிளைன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 2009ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளைன் தீயணைப்பு அதிகாரிகளோடு இருந்து, அவர்கள் உள்ளுணர்வால் எப்படிச் சரியாக முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்தவர். கானமனோ உள்ளுணர்வு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதைக் காட்டியே பெயர் வாங்கியவர். எதிரெதிர் பக்கம் இருந்தவர்கள் ஒரு இடத்தில் ஒத்துப்போனார்கள். நடப்பதில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். நாம் நினைத்தது சரியா தப்பா என்பது திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். இரண்டும் இருக்கிற இடத்தில் வளர்கிற உள்ளுணர்வு நம்பத்தக்கது. மனசுக்குள் எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது கணக்கிலேயே வராது.

இப்போது நம் கதைக்கு வருவோம். வார்த்தை மாட்டுமா என்பதற்கு ஒவ்வொரு தடவையும் உடனே பதில் தெரிந்துவிடுகிறது, அதனால் அந்த உணர்வு கூர்மையாகிறது. ‘எல்லோரும் கேவலமாக நினைப்பார்கள்’ என்பதற்குப் பதிலே வருவதில்லை. பேசினால்தானே வரும்? நாம்தான் வார்த்தையை மாற்றிவிடுகிறோமே.

பெருந்துறைக்குப் போக பஸ் ஏறுவேன். கண்டக்டர் பக்கத்தில் வரவர உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘பெ’ வெளியே வராது என்று தெரிந்துவிடும். சட்டென்று ‘விஜயமங்கலம் ஒண்ணு’ என்பேன். அது பெருந்துறை தாண்டி வருகிற ஊர். காசு கூட. பெருந்துறையில் எழுந்தால், ‘ஏங்க, விஜயமங்கலம்னுதானே வாங்குனீங்க?’ என்று கண்டக்டர் கேட்பார். தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவேன். வருஷக்கணக்கில் இப்படித்தான் போனேன். எந்த கண்டக்டராவது என் திக்கலைப் பார்த்துச் சிரித்தாரா? தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு கூட நான் கொடுக்கவில்லை. பயம் அப்படியே புதுசாக இருந்தது.

ஆகஸ்ட் 5, இரவு

கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்ன அன்பருக்கு: தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் உலவுகிற கதை அது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. வசம்பு பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஆத்தாவும் தேனில் இழைத்து நாக்கில் தடவியவர்தான். அன்பு மட்டும்தான் மிச்சம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோளாறு நாக்கில் இல்லை.

பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வரிசையில் நின்று எல்லோரோடும் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவேன், ஒரு எழுத்து கூடத் தட்டாது. உலகம் முழுக்கத் திக்குகிறவர்களுக்குப் பாடும்போதும், பலரோடு சேர்ந்து படிக்கும்போதும் பெரும்பாலும் திக்காது. அப்புறம் வகுப்புக்குப் போனால் வருகைப் பதிவு. பெயர்கள் ஒவ்வொன்றாக என் பக்கம் நெருங்கும். ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். ‘உ’வுக்கு வாய் குவிந்து நிற்கும், சத்தம் வராது, கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு நாள் ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் போலவே வாயைக் குவித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து கையை மட்டும் தூக்கினேன். பள்ளி முடிகிற வரைக்கும்.

காயம் என்று தம்பி கேட்டது இதைத்தான். இதைத் திக்கலோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

பிரிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிரியும் என்பதற்கு மனசைப் பிசைகிற ஒரு சாட்சி உண்டு. 1939ல் அதே அயோவாவில், டேவன்போர்ட் ஊரிலிருந்த அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. வெண்டல் ஜான்சன் மேற்பார்வை, செய்தவர் மேரி டியூடர் என்ற மாணவி. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், ‘உனக்குத் திக்க ஆரம்பிக்கிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் அப்படியே திக்குவாய் ஆகிவிடவில்லை. ஆனால் பேசவே கூச்சப்பட ஆரம்பித்தார்கள், ஒடுங்கிப் போனார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001ல். அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒத்துக்கொண்டது 2007ல். அதற்குள் அந்தக் குழந்தைகளுக்கு வயதாகிவிட்டது. சிலர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். திக்கல் இல்லாத குழந்தைக்கே வெட்கத்தைச் சொல்லிச் சொல்லி ஏற்ற முடிகிறது என்றால், எனக்கு ஏற்றியதும் யாரோ சொன்னதுதானே. கூடப் பிறந்தது இல்லையே.

ஆகஸ்ட் 7

‘சின்ன வயதில் அம்மா அதட்டி வளர்த்திருப்பார்’ என்று எழுதியவருக்குச் சுருக்கமாக: வேண்டாம். அம்மாக்கள் பட்டது போதும். குழந்தைகளில் 100ல் ஏறத்தாழ 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்கும். பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாகிவிடும். பெரியவர்களில் 100ல் ஒருவருக்கு நிலைக்கிறது, அதிலும் ஆண்கள் பெண்களைப் போல நாலு மடங்கு. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. 2010ல் இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். மூளை பேச்சை ஒழுங்கு செய்கிற விதத்தில் உள்ள வேறுபாடு இது. அதட்டினால் வெட்கம் கூடும், திக்கல் அதனால் பிறப்பதில்லை.

ஆகஸ்ட் 8, இரவு வெகுநேரம்

‘ஏற்றுக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்லுங்கள்’ என்று தம்பி கேட்டிருக்கிறார். பெண் பார்க்கப் போன நாளைச் சொல்கிறேன்.

கிளம்பும்போதே பெரியப்பா சொல்லிவிட்டார். ‘நீ ஒண்ணும் பேசாதே சாமி. கேட்டா சிரி. நாங்க பாத்துக்கறோம்.’ கெட்ட எண்ணமே கிடையாது, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவர்கள் வீட்டில் பஜ்ஜியும் காபியும் வந்தன. பெண்ணின் அப்பா, ‘மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கீங்க?’ என்றார். பெரியப்பா சொன்னார். ‘சம்பளம்?’ அதையும் பெரியப்பாவே சொன்னார். எனக்கு நெஞ்சுக்குழியில் ஒரு பாரம். பயத்தில் வருகிற படபடப்பு எனக்குப் பழக்கம், அது தொண்டைக்கும் உதட்டுக்கும் ஓடும். இது அப்படி ஓடவில்லை. கீழேயே இருந்தது, அமைதியாக இருந்தது. இந்த வீட்டுக்கு நான் வரவே இல்லை, என் சட்டையை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்பது போல ஒரு உணர்வு.

‘பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்’ என்றேன். ‘பொண்ணு’வில் மாட்டியது. நீளமாகவே மாட்டியது. பெரியம்மா எடுத்துக்கொடுக்க வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். கொல்லைப்புறத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம், ‘எனக்குத் திக்கும், உங்ககிட்ட சொல்லாம மறைச்சாங்க, இது போகாது’ என்று திக்கித் திக்கியே சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ‘சொன்னது நல்லதுங்க’ என்றார்.

சம்பந்தம் நடக்கவில்லை. அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கோ அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. பின்னால் கல்யாணம் ஆனது வேறு இடத்தில், முதல் போன் பேச்சிலேயே என் திக்கலைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரோடு.

ஆகஸ்ட் 9

நேற்று எழுதியதைப் படித்து, ‘அப்போ முயற்சியை விட்டுவிடச் சொல்கிறீர்களா?’ என்று கோபப்பட்டிருக்கிறார்கள். நியாயமான கோபம். சிகிச்சைக்குப் போங்கள், அவசியம் போங்கள். மைசூரில் மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனமே இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள். நானும் போனேன். மூச்சை நிதானப்படுத்தவும் உதட்டை லேசாகத் தொட்டு எழுத்தை ஆரம்பிக்கவும் அங்கே கற்றதுதான் இன்றும் போனில் கைகொடுக்கிறது.

நான் விடச் சொல்வது மறைப்பதை. ஜோசப் ஷீஹன் என்று ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர், அவருக்கும் திக்கும். திக்கலைப் பனிமலை என்றார். காதில் விழுகிற தடுமாற்றம் தண்ணீருக்கு மேலே தெரிகிற சின்ன முனை. பயம், வெட்கம், குற்ற உணர்ச்சி எல்லாம் அடியில் பெரிதாகக் கிடக்கின்றன. மறைக்க மறைக்க அடிப்பாகம்தான் பெருக்கும் என்பது அவர் கண்டது. என் அனுபவமும் அதுதான். விஜயமங்கலம் டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு தடவையும் ‘பெ’ இன்னும் பயங்கரமான எழுத்தாக ஆனது.

இன்னொருவர் சார்லஸ் வான் ரைப்பர். 1930களில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் பேச்சுச் சிகிச்சை நிலையம் தொடங்கியவர். இளமையில் திக்கல் தாங்காமல், காது கேளாத, வாய் பேசாத ஆளைப் போல நடித்துக்கொண்டு ஒரு பண்ணையில் வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் வழியில் ஒரு கிழவர் காரில் ஏற்றிக்கொண்டார். பேர் கேட்டதற்கு இவர் பதில் சொல்ல முடியாமல் முகம் கோணித் தவிக்கவும், கிழவர் சிரித்தாராம். இவருக்கு ஆத்திரம். அப்புறம் பார்த்தால் கிழவருக்கும் திக்கல். ‘எனக்கு வயதாகிவிட்டது, மல்லுக்கட்டத் தெம்பில்லை, வார்த்தை எப்படி ஒழுகுகிறதோ அப்படியே விட்டுவிடுகிறேன்’ என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். திக்காமல் பேச வேண்டும் என்று பாடுபட்ட இளைஞருக்கு, சிரமமில்லாமல் திக்கலாம் என்ற ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையே பிறகு சிகிச்சையாக வளர்த்தார். எனக்கு அந்தக் கிழவர்மேல் தீராத பாசம்.

ஆகஸ்ட் 10

தம்பிக்கு இன்டர்வியூ வரைக்கும் செய்ய ஒரு வேலை. வேண்டுமென்றே திக்கிப் பேசு. பேச்சுச் சிகிச்சையில் உள்ள முறைதான் இது. மளிகைக் கடையில், மாட்டாத வார்த்தையில், நீயாகவே ‘து-து-துவரம்பருப்பு கால் கிலோ’ என்று அவசரப்படாமல், உதட்டை இறுக்காமல் சொல். சொல்லும்போது கடைக்காரர் முகத்தைப் பார். கண்ணைத் தாழ்த்தக் கூடாது, இதுதான் முக்கியம். பதில் அவர் முகத்தில்தான் இருக்கிறது. முதல் நாள் நான் செய்தபோது கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, தராசு முள்ளைத்தான் பார்த்தார். ‘வேறென்ன?’ என்றார்.

ஆகஸ்ட் 11

இது பெயர் சொல்லாமல் எழுதிய ஒருவருக்கு மட்டும். ‘இப்படி வாழ்வதற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். இந்த விவாதமெல்லாம் அப்புறம். இப்போதே 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். திக்கினாலும் அவர்கள் காத்திருப்பார்கள். இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள், வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு வரி போடுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஆகஸ்ட் 12, காலை

வரி வந்தது. அக்கா வீட்டில் இருக்கிறாராம், போனிலும் பேசியிருக்கிறார். சந்தோஷம்.

ஆகஸ்ட் 13

பயம் பேசுகிறதா, உள்ளுணர்வு பேசுகிறதா, எப்படிப் பிரித்தறிவது? இதைப் பலர் கேட்டுவிட்டீர்கள். பெண் பார்த்த அன்று எனக்கு இடம் வேறாகத் தெரிந்தது, ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. யூஜின் ஜென்ட்லின் என்ற உளவியல் அறிஞர் செய்ததைச் சொல்கிறேன். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் என்ற பெயர்பெற்ற மனநலச் சிகிச்சை அறிஞரோடு வேலை பார்த்தார். சிகிச்சை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, யார் குணமாகிறார்கள் என்று தேடினார்கள். சரளமாகத் தன் கதையைச் சொல்கிறவர்களைவிட, நடுவில் நின்று, ‘இல்லை, அது கோபம் இல்லை… எப்படிச் சொல்வது…’ என்று உடம்புக்குள் தேடித் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம் தேறினார்கள். நமக்கு ஆறுதலான செய்திதான், தடுமாறுவதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

அவர் வழி எளிது. அவசரத்தை ஓரமாக வைத்துவிட்டு நெஞ்சிலும் வயிற்றிலும் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அதற்கு ஒரு வார்த்தை வைத்துப் பார்ப்பது. பொருந்தாவிட்டால் வேறு வார்த்தை. பொருந்தும்போது உடம்பு கொஞ்சம் இளகும், பெருமூச்சு வரும். நான் ‘பயம்’ என்று வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ‘அவமானம்’, அதற்கும் இல்லை. கடைசியில் ‘யாரும் எனக்காகப் பேசவில்லை’ என்று வந்தது. அன்று வகுப்பில் ஒருவன்கூட ‘ஐயா, விடுங்க’ என்று சொல்லவில்லை என்பதுதான் அத்தனை வருஷமும் உள்ளே உட்கார்ந்திருந்தது. கடை குடோனில் துணிக்கட்டு மேல் உட்கார்ந்து அழுதேன். அந்த வகுப்பை நினைத்தால் இன்றும் வருத்தம் வரும், ஆனால் தொண்டை இறுகுவதில்லை.

ஆகஸ்ட் 17

தம்பியின் பதிவைப் படித்தீர்களா? உள்ளே போனதும், ‘எனக்குத் திக்கும், பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும்’ என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். தன் பெயரிலேயே மாட்டியிருக்கிறது (நம் எல்லோருக்கும் பெயர்தானே எமன்). மூன்று பேரில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் போனை எடுத்து நோண்டினார். வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது.

போன் நோண்டியவரையே நினைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். நினை, தப்பில்லை, வலிக்கத்தான் செய்யும். அவரைப் போல ஆட்கள் இருக்கிறார்கள், உன் பயம் முழுப் பொய் இல்லை. ஆனால் அது ‘எல்லோரும்’ என்று சொன்னது. வந்தது மூன்றில் ஒன்று. அந்த இரண்டு பேர் முகமும் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதையும் எழுது.

ஆகஸ்ட் 20

நாலு வயது மகனுக்குத் திக்கத் தொடங்கியிருப்பதாக ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, ‘மெதுவாப் பேசு’, ‘திருப்பிச் சொல்லு’, ‘மூச்சை இழுத்துட்டு சொல்லு’ எதுவும் வேண்டாம். வார்த்தையை எடுத்துக்கொடுக்காதீர்கள். அவன் முடிக்கிற வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவன் தானாக நிதானமாவான். விருந்தாளி முன்னால் பாட்டுச் சொல்லச் சொல்லி நிறுத்தாதீர்கள். பல குழந்தைகளுக்குத் தானாகப் போய்விடும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், பேச்சுப் பயிற்சியாளர் இருப்பார்.

பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல்.